32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகள்: டிஸ்சார்ஜுக்குப் பிறகு எதை, எப்போது பார்ப்பது

பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்:

ஃபாலோ-அப் ஓ.பி.யில் ஓயாமல் வரும் குழப்பம் வயதுக் கணக்குதான். 28 வாரத்தில் பிறந்த குழந்தை 12 வாரம் முந்திப் பிறந்திருக்கிறது. பிறந்து ஆறு மாதம், அதாவது 26 வாரம் ஆனாலும், அதன் திருத்திய வயது, அதாவது முந்திப் பிறந்த வாரங்களைக் கழித்த வயது, 14 வாரம்தான். கழுத்து நிற்கத் தொடங்கும் பருவம் அது. இன்னும் உட்காரவில்லையே என்று பதற வேண்டாம். இரண்டு வயது வரை எடை, தலைச் சுற்றளவு, வளர்ச்சி எல்லாவற்றையும் திருத்திய வயதில் வைத்தே பாருங்கள்.

தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழிவு கிடையாது. கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி பிறந்து 6 வாரத்தில் போட வேண்டியதுதான். குழந்தை இன்னும் சின்னது என்று தள்ளிப்போடாதீர்கள். கக்குவான் இருமல் மிக மோசமாகத் தாக்குவது இந்தச் சின்னக் குழந்தைகளைத்தான்.

கண் விஷயத்தில் ஒரு வாரம்கூடத் தாமதிக்க முடியாது. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, பிறந்த எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, 30 நாளுக்குள் ஆர்.ஓ.பி. (குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய்) பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1200 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் இரண்டு மூன்று வாரத்திலேயே. ஒரு முறை பார்த்து 'இப்போதைக்குப் பரவாயில்லை' என்று சொன்னால் வேலை முடிந்துவிடவில்லை; விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுதாக வளரும் வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை போக வேண்டும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான். எடை கூடி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அடுத்த தேதி விட்டுப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் ஒன்றும் தெரியாது. கண்மணி வெள்ளையாகத் தெரியும்போது லேசர் சிகிச்சைக்கான காலம் கடந்திருக்கும்.

காதுக்கு ஓ.ஏ.இ. என்ற கேட்புச் சோதனை மட்டும் போதாது. அது உள்காதை மட்டுமே சோதிக்கிறது, நரம்புப் பாதையில் உள்ள குறையைத் தவறவிடும். ஐ.சி.யூ.வில் இருந்த குழந்தைக்கு பெரா (BERA) வகைச் சோதனையை, அதாவது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதையையும் பார்ப்பதைக், கேட்டு வாங்குங்கள்.

சொட்டு மருந்தில் நடக்கும் பிழையும் சாதாரணமல்ல. வைட்டமின் டி சில பாட்டில்களில் 1 மில்லியில் 400 யூனிட், சிலவற்றில் 800. கடையில் பிராண்டை மாற்றிக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகலாம். இரும்புச்சத்தோ எடைக்கு ஏற்ற கணக்கு, குறைந்தது கிலோவுக்கு 2 மி.கி. 2.5 கிலோவில் எழுதிய அளவையே 5 கிலோவிலும் கொடுத்துக்கொண்டிருந்தால் பாதிதான் போய்ச் சேர்கிறது. மில்லியோடு மி.கி. அளவையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பாட்டிமாரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை வேண்டாம், மூக்கில் எண்ணெய் விடவே கூடாது. வென்டிலேட்டரிலும் ஆக்சிஜனிலும் வாரக்கணக்கில் இருந்த நுரையீரல் அதைத் தாங்காது. கொசுவர்த்தியும் அப்படித்தான்.

குழந்தைகள் பிசியோதெரபிஸ்ட்:

திருத்திய வயது என்பதைச் சாக்காக வைத்துக் காத்திருப்பதும் ஆபத்து. அந்தக் கணக்குப்படியே நான்கு மாதத்தில் கட்டைவிரலை உள்ளே மடித்து கையை இறுக்கி மூடிக்கொண்டிருந்தால், தூக்கும்போது கால்கள் கத்தரிபோலக் குறுக்கிட்டால், ஒன்பது மாதத்தில் உட்காராவிட்டால், ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் நீட்டினால் உடனே காட்டுங்கள். கடைசி அறிகுறியை 'இடதுகைப் பழக்கம்' என்று விட்டுவிடுகிறார்கள். மறுகையின் பலவீனமாக இருக்கலாம். மாவட்ட அளவில் அரசு டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும்) மையங்களில் இதைப் பார்க்கிறார்கள்.

குறைமாதக் குழந்தைகளில் பலர் தோளைப் பின்னுக்கு இழுத்து முதுகை வில்லாக வளைப்பார்கள். தூக்கும்போது இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து, இடுப்பை மடக்கிப் பிடியுங்கள். விழித்திருக்கும்போது இரண்டு மூன்று நிமிடம் குப்புறப் போடுங்கள், நாளுக்குப் பல முறை. தூங்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான். வாக்கர் வாங்காதீர்கள், நுனிக்காலில் உந்தும் பழக்கத்தை அது வலுவாக்கும்.

சிறப்புக் கல்வி ஆசிரியர்:

நடந்து பேசிவிட்டால் பெற்றோர் நிம்மதியாகி ஃபாலோ-அப்பை நிறுத்திவிடுகிறார்கள். கணக்கு, கவனம், கரும்பலகையைப் பார்த்து எழுதுவது ஆகியவற்றில் வரும் சிரமம் பள்ளியில்தான் வெளிப்படும். துறுதுறுப்பு இல்லாமல் அமைதியாகக் கவனம் சிதறும் வகை இவர்களிடம் அதிகம், அதனால் ஆசிரியர் கண்ணில் படுவதில்லை. நான்கைந்து வயதில் ஒரு முழு மதிப்பீடு செய்யுங்கள். மே மாதம் பிறந்து, ஆகஸ்டில் பிறந்திருக்க வேண்டிய குழந்தை சேர்க்கைக் கணக்கில் ஒரு வகுப்பு முந்திவிடலாம். ஓராண்டு பொறுப்பது பல குழந்தைகளுக்கு நல்லது.

பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்:

ஒன்று விட்டுப்போயிற்று. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடும் வாய்ப்பு அதிகம்; அதனால் மூன்று வயதுக்கு முன்பிருந்தே அதைப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரதி எடுத்து, பிள்ளை பெரியவரானதும் கையில் கொடுத்துவிடுங்கள். நாற்பது வயதில் பி.பி.க்குப் பார்க்கும் டாக்டரும் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் அது.