கடலடி அணுச் சோதனையைக் கண்டறிய 11 நிலையங்கள் போதுமா?

கேள்வி:
அணு ஆயுதச் சோதனைகளை முற்றாகத் தடை செய்யும் 1996ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கண்காணிப்பு வலையமைப்பில் நில அதிர்வுக்கு 170 நிலையங்கள் இருக்க, புவிப்பரப்பில் பெரும்பகுதியான கடலுக்கு 11 மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளன. இவை எப்படிப் போதும்? கடலடி நிலநடுக்கங்களுக்கும் எரிமலைகளுக்கும் இடையே வெடிப்பை எவ்வாறு பிரித்தறிகிறார்கள்?

பதில் 1:
கடல்நீரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஆழம் கூடும்போது நீர் குளிர்வதால் ஒலியின் வேகம் குறைகிறது. இன்னும் கீழே அழுத்தத்தால் மீண்டும் கூடுகிறது. இடையில், நடு அகலாங்குகளில் ஏறத்தாழ 1000 மீட்டர் ஆழத்தில், வேகம் மிகக் குறைந்த அடுக்கு ஒன்று உள்ளது. அதைவிட்டு விலகும் ஒலி வளைந்து அதற்கே திரும்புவதால், மேற்பரப்பிலும் தரையிலும் மோதித் தேயாமல் பல்லாயிரம் கிலோமீட்டர் செல்கிறது. அந்த அடுக்கில்தான் ஹைட்ரோபோன்களை (நீரடி ஒலிவாங்கிகளை) மும்மூன்றாக, சுமார் 2 கிலோமீட்டர் இடைவெளியில் மிதக்கவிடுகிறார்கள். நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் செல்லும். ஆகவே இரண்டு கருவிகளை அது எட்டும் நேரங்கள் அதிகபட்சம் 1.3 நொடிதான் வேறுபடும். அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்தே திசையைக் கணித்துவிடலாம்.

பதில் 2:
ஒரு திருத்தம்: ஹைட்ரோபோன்கள் இருப்பவை 6 நிலையங்கள் மட்டுமே. மற்ற ஐந்தும், தீவுச் சரிவில் மோதி நில அதிர்வாக மாறும் ஒலியைக் கரையிலிருந்து பதிபவை. அந்த மாற்றத்தில் உயர் அதிர்வெண்கள் பெரிதும் தொலைந்துவிடுகின்றன. பிரித்தறிவதற்கு அவையே முக்கியம். ஆழத்தில் நிகழும் வெடிப்பு உண்டாக்கும் வாயுக்குமிழி விரிந்து, சுருங்கி, மீண்டும் விரிகிறது. ஒவ்வொரு சுருக்கமும் ஒரு துடிப்பை அனுப்புவதால், ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் அலைமாலையில் சீரான இடைவெளியுள்ள பட்டைகள் தெரியும். நிலநடுக்கத்தின் ஒலியோ மெல்ல எழுந்து, நீண்டு அடங்கும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் குமிழித் துடிப்பு தெரிந்தாலே அணுகுண்டு என்று சொல்லலாமா?

பதில் 2:
முடியாது. வேதி வெடிமருந்தும் அதே துடிப்பைத் தரும். மேற்பரப்பை ஒட்டி வெடித்தால், அணுகுண்டே ஆனாலும், குமிழி காற்றில் கலந்து துடிப்பே இல்லாமல் போகும். 2017 நவம்பர் 15 அன்று அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கி மறைந்தபோது, அசென்ஷன், குரோசே தீவுகளின் நிலையங்கள் அதன் ஒலியைப் பதிந்தன. ஓராண்டு கழித்துச் சிதைவு கிடைத்தது. என்ன நிகழ்ந்தது என்பதை அந்த ஒலி மட்டும் சொல்லிவிடவில்லை. அணுவெடிப்பு என உறுதிசெய்ய, செனான் போன்ற கதிரியக்க வாயுக்களைக் காற்றில் பிடிக்க வேண்டும்.

பதில் 1:
எண்ணிக்கையைப் பற்றிய உங்கள் ஐயத்தை நான் முழுமையாகத் தள்ளிவிடவில்லை. கேட்பதற்கு 11 போதும். ஆனால் உபரி இல்லை. சிலியின் ஹுவான் பெர்னாண்டஸ் நிலையம் 2010 சுனாமியில் அழிந்து, 2014இல்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது.