காட்ஸில்லா பொம்மைப் புத்தகம்: அச்சும் உரிமையும் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். 1977-இல் மேட்டல் பொம்மை நிறுவனம் கொண்டுவந்த, ஜப்பானியப் படங்களில் வரும் ராட்சத மிருகமான காட்ஸில்லாவின் பொம்மையைப் பற்றித் தமிழில் ஒரு சிறு புத்தகம் எழுதி முடித்திருக்கிறேன். சொந்தச் செலவுதான், 100 பிரதி போதும். பொம்மை 19 அங்குல உயரம், காலடியில் சக்கரம். தலைக்குப் பின்னால் உள்ள விசையைத் தட்டினால் வாயிலிருந்து தீ நாக்கு நீளும். முஷ்டியும் தனியே தெறித்துப் பறக்கும். என்னுடையது இங்கே சிங்கப்பூரில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை மூடுவதற்கு முன் அங்கே வாங்கியது. வால் இல்லை, அதனால்தான் விலை படிந்தது!

ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான அடையாள எண்) தேசிய நூலக வாரியத்தில் இலவசம், அச்சானதும் இரண்டு பிரதி அவர்களுக்குத் தர வேண்டும். அதுவரை சரி. படங்கள் நான் எடுத்தவை, ஆனால் காட்ஸில்லா ஜப்பானின் டோஹோ நிறுவனத்தின் சொத்து. அட்டையில் பெயரும் படமும் போட அனுமதி வேண்டுமா? யாராவது எழுதிக் கேட்டதுண்டா?

அப்புறம் அச்சு. மாதிரிப் பக்கத்தில் கரும்பச்சை உடம்பு வெறும் கறுப்பாக வந்தது, செதில் ஒன்றுகூடத் தெரியவில்லை. பிடிஎஃப்பில் தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் வேறு இடம் மாறி நிற்கின்றன. தமிழ் எழுத்துருவும் வண்ணமும் அறிந்த அச்சகம் இங்கே உண்டா, இல்லை எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருதான் போக வேண்டுமா? பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பினாலும் சரி.