பையர் எஸ்ஏ 8000 கேட்கிறார், மூன்று மாதத்தில் வாங்க முடியுமா?

அவிநாசி_எச்ஆர்:
வணக்கம். ஒரு பனியன் கம்பெனியில் எச்ஆர் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. 140 பேர், பாதிக்கு மேல் பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குத் தக்க கூலி. எங்களிடம் சரக்கு வாங்கும் ஜெர்மனி பையர் அடுத்த சீசன் ஆர்டருக்கு எஸ்ஏ 8000 சான்றிதழ் (தொழிலாளர்களை முறையாக நடத்துகிறோம் என்பதற்கான சான்று) வேண்டும் என்கிறார். கன்சல்டன்ட் ஒருவர் மூன்று மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஆர்டர் நெருக்கும்போது இங்கே வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓடும், அதற்கு என்ன செய்வது என்று கேட்டால், ஆடிட்டுக்குத் தனியாக ஒரு வருகைப் பதிவேடு எழுதிக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. முதலாளி நல்லவர்தான், ஆனால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயப்படுகிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஆடிட்டர்:
அந்த கன்சல்டன்டை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். எஸ்ஏ 8000 படி வழக்கமான வேலை வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் ஓவர்டைம் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதுவும் தொழிலாளி விருப்பப்பட்டுச் செய்வதாக இருக்க வேண்டும். ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட், அதாவது நாளுக்கு 12 மணி நேரம் என்றால் 72 ஆகிவிடுகிறது. இதை இன்னொரு பதிவேடு எழுதி மறைத்தாலும் வேறெங்காவது வெளியே வந்துவிடும். ஒரு ஆடிட்டில் வருகைப் பதிவேடு சுத்தமாக இருந்தது, எல்லாரும் மாலையே வீட்டுக்குப் போனதாகக் கணக்கு. பவர் டேபிள் (தையல் மெஷின் வரிசை) பக்கத்தில் தொங்கிய ஒடிந்த ஊசி ரெஜிஸ்டரைப் புரட்டினேன். ஒடிந்த துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, பக்கத்திலேயே நேரம் எழுதியிருந்தார்கள்: ஞாயிறு இரவு 10.20. அப்புறம் பேச என்ன இருக்கிறது?

இன்னொன்று. இந்தத் தரத்தை 1997-இல் கொண்டுவந்தது நியூயார்க்கில் இருக்கும் எஸ்ஏஐ (சோஷியல் அக்கவுன்டபிலிட்டி இன்டர்நேஷனல்) அமைப்பு. சான்றிதழ் தருவது வேறு நிறுவனங்கள், ஆடிட்டுக்கான பணத்தைக் கட்டுவது பெரும்பாலும் கம்பெனிதான். இதில் இருக்கும் ஆபத்தைக் கராச்சியில் பார்த்தோம். பல்தியாவில் அலி என்டர்பிரைசஸ் என்ற துணி ஆலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்ஏ 8000 கிடைத்தது. சான்றிதழ் தந்த இத்தாலிய நிறுவனம் தன் ஆட்களை அனுப்பாமல் உள்ளூர் ஏஜென்சியை வைத்து ஆடிட் செய்திருந்தது. செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்தது. ஜன்னல்களில் கம்பி, கதவுகள் பூட்டிக் கிடந்தன, 250 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அந்தச் சான்றிதழுக்கு ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

செக்கிங்_அக்கா:
தம்பி, நான் பதினைந்து வருடம் செக்கிங் டேபிளில் நின்றவள், அந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஆடிட் என்றால் காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்து என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒப்பிக்க வைப்பார்கள். கட்டிங் பையனுக்கு அன்று மட்டும் இரும்பு வலைக் கையுறை கிடைக்கும். எமர்ஜென்சி கதவை மறைத்து அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டிகள் அன்று மாடிக்குப் போய்விடும், மறுநாள் அதே இடத்துக்கு வந்துவிடும். தொழிலாளர் பிரதிநிதி என்று ஒரு பெயர் போர்டில் இருந்தது, அந்தப் பெண் மேனேஜரின் சொந்தக்காரப் பெண், மெஷினில் உட்கார்ந்ததே கிடையாது. எங்களில் ஒருத்தியை நாங்களே தேர்ந்தெடுக்க விட்டிருந்தால் பாத்ரூமுக்குப் போக டோக்கன் கேட்கும் பழக்கமாவது நின்றிருக்கும். நீங்கள் அதிலிருந்து ஆரம்பியுங்கள், அதற்குச் செலவே இல்லை.

ஷிப்மென்ட்_குமார்:
பையரிடம் ஆர்டர் பேசி முடிக்கும் மெர்ச்சண்டைசராக ஒரு விஷயம். ஒன்றரை ஷிப்ட் எதனால் வருகிறது என்று பையரிடம் எழுத்தில் கேளுங்கள். லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) ஓகே சொல்ல இரண்டு வாரம் இழுப்பார்கள், ஆனால் ஷிப்மென்ட் தேதியை ஒரு நாள்கூடத் தள்ள மாட்டார்கள், அந்த இரண்டு வாரமும் டெய்லர் தலையில்தான் விடிகிறது. ஜெர்மனியில் 2023 முதல் சப்ளை செயின் சட்டம் இருக்கிறது, பெரிய கம்பெனிகள் சப்ளையரிடம் நடப்பதற்கும் பதில் சொல்ல வேண்டும், அதனால் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அவருக்குக் கண்டிப்பாக எஸ்ஏ 8000 தான் வேண்டுமா, ஸ்மெட்டா என்ற இன்னொரு தொழிலாளர் நல ஆடிட்டின் ரிப்போர்ட் போதுமா என்றும் கேட்டுப் பாருங்கள். ஸ்மெட்டா சான்றிதழ் கிடையாது, வெறும் ரிப்போர்ட், குறை இருந்தால் குறையோடு வரும், திருத்த நேரம் கிடைக்கும்.

அவிநாசி_எச்ஆர்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, படித்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன், எங்கள் பின்கதவு முன்னாலும் ஒன்பது பெட்டி இருந்தது, எடுக்க வைத்துவிட்டேன். முதலாளியிடம் கராச்சி விஷயத்தைச் சொன்னேன், இரண்டாவது பதிவேடு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஒரே ஒரு சந்தேகம், பீஸ் ரேட் ஆட்களுக்கு ஓவர்டைம் எப்படிக் கணக்குப் போடுவது?

பழைய_ஆடிட்டர்:
2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948, பிரிவு 59-இல் சொன்ன முறை இது. முந்தைய மாதம் அதே வேலையில் ஓவர்டைம் இல்லாமல் நாளுக்குச் சராசரியாக எவ்வளவு சம்பாதித்தார் என்று எடுங்கள், அதிலிருந்து மணிக் கூலி வரும், அதன் இரண்டு மடங்கு. சனிக்கிழமை சம்பளச் சீட்டில் அதைத் தனி வரியாகக் காட்டுங்கள்.