மேடவாக்கத்தில் 72 லட்சத்துக்கு ஃபிளாட், ஞாயிற்றுக்கிழமைக்குள் டோக்கன் கேட்கிறார்கள். கட்டலாமா?

வேளச்சேரி_வாடகைவீடு
வணக்கம். கையில் 22 லட்சம் இருக்கிறது, மீதி 50 லட்சம் லோன். 1,050 சதுர அடி, ப்ரீ லான்ச் விலை, அதாவது விற்பனையை முறையாக அறிவிக்கும் முன் தரும் விலை என்கிறார் பில்டர். குடியிருக்க இல்லை, வாடகைக்கு விட்டுவிட்டு, மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோ ஓட ஆரம்பித்ததும் விற்கலாம் என்று எண்ணம். சைட்டுக்குப் போனால் எங்களுக்கு முன்னால் ஆறு குடும்பம் நிற்கிறது, மூன்று வீடுதான் பாக்கி, 2 லட்சம் போடுங்கள் என்று நெருக்குகிறார்கள். ஏற்கெனவே இரண்டு வீடு யோசித்துக்கொண்டே இருந்து கைவிட்டுப் போனதில் தூக்கமே வரவில்லை.

ஆதம்பாக்கம்_அறுபது
தம்பி, முதலில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள். 8 வீட்டுக்கு மேல் கட்டினால் பதிவு கட்டாயம், அது இல்லாமல் விளம்பரமோ புக்கிங்கோ செய்யவே கூடாது. அப்புறம் யூடிஎஸ், அதாவது மொத்த மனையில் உங்கள் வீட்டுக்கு வரும் நிலப் பங்கு எவ்வளவு? கட்டடம் வருஷா வருஷம் பழசாகும், விலை ஏறுவது உங்கள் பங்கு மண்ணுக்குத்தான். இங்கே எங்கள் தெருவில் 1992இல் கட்டிய 800 சதுர அடி வீட்டுக்கு 560 சதுர அடி யூடிஎஸ். லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு குறுகல், ஆனால் 2022 அபார்ட்மென்ட் உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் இடித்துக் கட்டலாம் என்பதால் இப்போது பில்டர்களே வந்து கதவைத் தட்டுகிறார்கள்.

கணக்குநோட்டு
22ம் 50ம் சேர்ந்தால் வீட்டு விலை மட்டும்தான் வருகிறது. கட்டி முடியாத வீட்டுக்கு 5% ஜிஎஸ்டி, அதுவே 3.60 லட்சம். பத்திரச் செலவு வேறு. கட்டி முடித்ததற்கான கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வந்த வீடு என்றால் ஜிஎஸ்டி இல்லை. 50 லட்சத்துக்கு 8.5%, 20 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 43,400. வாடகை 18,000 வந்தால்கூட மாதம் 25,000 கைக்காசு போகும். அதை எத்தனை வருடம் தாங்க முடியும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

பள்ளிக்கரணை_அம்மு
எனக்கு இந்தப் பக்கம் ஒரு ஃபிளாட் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் தண்ணீர் கீழே மீட்டர் பெட்டி வரை ஏறியது, சேற்றுக் கோடு இன்னும் சுவரில் இருக்கிறது. மூன்று நாள் கரண்ட் இல்லை. ஜனவரியில் குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள், நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது, கடைசியில் 3,000 குறைத்துத்தான் விட்டேன். சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி, தண்ணீர் வேறு எங்கே போகும்? தெருமுனையில் அயர்ன் வண்டிக்காரரிடம் அந்த மழையில் எது வரை நின்றது என்று கேளுங்கள், சேல்ஸ் ஆபீசில் கேட்காதீர்கள் சகோ.

வேளச்சேரி_வாடகைவீடு
எல்லாருக்கும் நன்றி. ரெரா எண் கேட்டேன், "அடுத்த மாசம் வந்துடும் சார்" என்றார்கள், டோக்கன் போடவில்லை. யூடிஎஸ் 390தான். ஐயா, உங்கள் பக்கம் இருப்பது போன்ற 1992 வீட்டுக்கு பேங்க்கில் லோன் தருவார்களா?

ஆதம்பாக்கம்_அறுபது
தருவார்கள் தம்பி, ஆனால் கட்டடத்தின் மீதி ஆயுளைப் பார்த்து வருஷத்தைக் குறைப்பார்கள், இஎம்ஐ கூடும். மூலப் பத்திரம், 30 வருட வில்லங்கம், பிளான் அப்ரூவல் மூன்றையும் வக்கீலிடம் காட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். சனிக்கிழமை வந்தால் தெருவைச் சுற்றிக் காட்டுகிறேன்.