உதவி தேவை: அம்மாவின் போனில் செயலி திறந்ததும் மூடிக்கொள்கிறது. ஐபோனுக்கு மாறிவிடவா?

கொழுந்துக்கூடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இலங்கையில், பொகவந்தலாவைப் பக்கம் இருக்கிறேன். ஐடி டிப்ளோமா முடித்துவிட்டு வேலை தேடும் இடைவெளியில் ஒரு சின்னச் செயலி எழுதுகிறேன். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். ஒவ்வொரு நிறுவையிலும் கூடைக்கு, தண்ணீருக்கு என்று கழிவு போக மீதி எத்தனை கிலோ என்பதைப் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். சம்பளத் துண்டு வரும்போது அதில் இருக்கும் கிலோவும் கலண்டர் கிலோவும் ஒத்துப் போவதில்லை. முழுப் பேர் (முழு நாள் சம்பளம்) எத்தனை, அரைப் பேர் (அரை நாள்) எத்தனை, கைக்காசு (கிலோக் கணக்கில் தரும் காசு) எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதுதான் செயலியின் வேலை. மலையில் சிக்னல் கிடையாது, அதனால் எல்லாமே போனுக்குள்ளேயே பதியும்.

அன்ட்ரொய்டுக்கான கொட்லின் மொழியில் எழுதினேன். என் போனில் (அன்ட்ரொய்ட் 13) நன்றாக ஓடுகிறது. அம்மாவின் போனில் (அன்ட்ரொய்ட் 7, 2 ஜிபி ரெம்) தொட்டதும் ஒரு நொடி வெள்ளைத் திரை, அப்புறம் மூடிக்கொள்கிறது. மூன்று இரவு இதிலேயே போய்விட்டது.

இதற்கு நடுவில் எங்கள் நலன்புரிச் சங்கத் தலைவரிடம் காட்டினேன். செலவுக்கு 15,000 ரூபாய் தருகிறேன் என்றவர், தன் ஐபோனை எடுத்து நீட்டி "இதில் வராதா?" என்று கேட்டார். ஐபோனில் இப்படி ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு தலைவலி இல்லை என்கிறார்கள். எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐபோனுக்கு எழுதவா? இல்லை, ஃபிளட்டரில் முதலில் இருந்து தொடங்கி இரண்டுக்கும் ஒரேயடியாக முடிக்கவா? என் லெப்டொப் விண்டோஸ், 8 ஜிபி.

ஹட்டன்_கடைசிபஸ்:

தம்பி, மாறுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். அம்மாவின் போனைக் கேபிளில் செருகி, செயலி மூடும் நேரத்தில் அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவின் லொக்கெட்டில் (செயலி ஓடும்போது நடப்பதைப் பதியும் இடம்) சிவப்பாக என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை:

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி. வருவது இதுதான்: "நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்", பக்கத்தில் ஜாவா டைம், லோக்கல் டேட் என்று இருக்கிறது.

ஹட்டன்_கடைசிபஸ்:

மன்னிக்கவும் தங்கச்சி. ஆள் அகப்பட்டுவிட்டான். ஜாவா டைம் என்ற திகதிப் பொதி அன்ட்ரொய்ட் 8இல்தான், அதாவது நிரல் எழுதுகிறவர்கள் ஏபிஐ 26 என்று சொல்லும் பதிப்பில்தான், போனுக்குள் வந்தது. அம்மாவின் 7இல் அது இல்லவே இல்லை. செயலி அதைத் தேடுகிறது, காணவில்லை, விழுகிறது.

ஆனால் ஸ்டூடியோ அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருக்குமே. அதன் யோசனையைக் கேட்டு "ரிக்வயர்ஸ் ஏபிஐ" (இதற்குப் புதிய அன்ட்ரொய்ட் வேண்டும்) என்ற குறிப்பைச் சேர்த்தீர்களா?

கொழுந்துக்கூடை:

ஆமாம் அண்ணா. கோடு போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

ஹட்டன்_கடைசிபஸ்:

எல்லோரும் ஒருமுறை விழுந்து எழும்பிய பள்ளம்தான் அது. அந்தக் குறிப்பு எதையும் சரிசெய்யாது, எச்சரிக்கையின் வாயை மட்டும் அடைக்கும். அதை எடுத்துவிடுங்கள். செயலியைக் கட்டமைக்கும் விதத்தைச் சொல்லும் கிரேடில் கோப்பில் கோர் லைப்ரரி டீஷுகரிங் என்பதை இயக்கி, அதற்கான டீஷுகர் நூலகத்தை டிபென்டன்சியில் (செயலிக்கு வேண்டிய நூலகங்களின் பட்டியலில்) சேருங்கள். பழைய போனில் இல்லாத வகுப்புகளைச் செயலியே தன்னோடு கட்டி எடுத்துப் போகும். உங்கள் கோடில் வேறு ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

ஊவாமழை:

கோளாறு தீர்ந்தால் மற்றக் கேள்வி தானாகத் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தலைவர் மறுபடியும் கேட்பார். அதனால் கணக்கைச் சொல்லி விடுகிறேன்.

கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க 25 டொலர், ஒரே தடவைதான். இன்றைக்குச் சுமார் 7,500 ரூபாய். அப்பிளுக்கு வருஷம் 99 டொலர், கிட்டத்தட்ட 30,000. அடுத்த வருஷம் கட்டாவிட்டால் செயலி கடையில் இருந்து இறங்கிவிடும். உங்கள் 15,000 ஐபோனுக்கு ஒரு வருஷக் கட்டணத்தில் பாதிக்குத்தான் வரும். அதோடு ஐபோன் செயலியைக் கட்டமைக்க எக்ஸ்கோட் என்ற அப்பிள் மென்பொருள் வேண்டும், எக்ஸ்கோடுக்கு அப்பிளின் மெக் கணினி வேண்டும். வாடகை மெக்கில் தூரத்தில் இருந்து கட்டமைக்கலாம்தான், ஆனால் இன்றைக்கு வந்த மாதிரி ஒரு கோளாறு வந்தால் கையில் ஐபோன் இல்லாமல் என்ன செய்வீர்கள்?

ஐபோனை முதலில் எடுக்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தெருவில் பாதிப்பேர் கையில் ஐபோன். உலகம் முழுக்க அன்ட்ரொய்ட் போன்தான் அதிகம், ஆனாலும் செயலிக்குச் செலவாகும் காசு அப்பிள் கடையில்தான் கூட. காசுக்கு விற்கிறவன் அங்கே போவது நியாயம். உங்களிடம் யாரும் வாங்கப் போவதில்லையே. அப்படியானால் ஒரே கேள்விதான் மிச்சம்: கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கிறவர்களின் கையில் என்ன போன்? இணையத்தில் கிடைக்கும் விழுக்காட்டைப் பார்க்காதீர்கள். நேரில் போய் எண்ணுங்கள், எந்த அன்ட்ரொய்ட் என்றும் பாருங்கள்.

நீலக்கோடு:

எதிர்க்கருத்து. ஃபிளட்டரில் எழுதியிருந்தால் இந்தத் திகதிப் பிரச்சினையே வந்திருக்காது. ஃபிளட்டரின் மொழியான டார்ட்டின் திகதி வகுப்பு செயலிக்குள்ளேயே வரும். ஒரே கோட், இரண்டு போன். இன்றைக்கு யாராவது இரண்டு தடவை எழுதுவார்களா?

ஊவாமழை:

வெறும் கையோடு தொடங்குகிறவராக இருந்தால் நானும் ஃபிளட்டர் என்றுதான் சொல்வேன். இங்கே வேலை முடிந்து ஒரு கோளாறுதான் பாக்கி. தவிர, ஃபிளட்டரில் எழுதினாலும் ஐபோனுக்குக் கொண்டுபோக மெக்கும் 99 டொலரும் வேண்டும், அது மாறாது. வெற்றுச் செயலியே சில எம்பி பிடிக்கும். பழைய போனில் படமும் வட்ஸ்அப்பும் நிரம்பி வழியும்போது அந்த எம்பியும் கணக்குத்தான்.

பழைய_நோக்கியா:

பேச்சு வளர்கிறது என்பதால் என் கதை. அந்தக் காலத்தில் விண்டோஸ் போனுக்கு எழுதினேன். போட்டி இல்லாத கடை, போட்டதும் முதல் பக்கத்தில் தெரிந்தது, ராஜா மாதிரி இருந்தது. 2019 டிசம்பரில் விண்டோஸ் போன் 8.1 கடையை மூடினார்கள். என் செயலியை அதுவரை வைத்திருந்த கடைசி ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். ஆள் இல்லாத சந்தையில் கடை போட்டால் வாடகை குறைவு, அவ்வளவுதான்.

தலைவருக்கு ஒரு வழி இருக்கிறது. கணக்குப் பார்க்கும் பகுதியை மட்டும் ஒரு வலைப்பக்கமாக எழுதுங்கள். ஐபோனின் உலாவியான சஃபாரியில் திறந்து முகப்புத் திரையில் சேர்த்துக்கொள்ளட்டும். உலாவியில் வெறும் டெப்பாகத் திறந்து வைத்திருந்தால், ஏழு நாள் தொடாத பக்கத்தின் தரவைச் சஃபாரி அழித்துவிடும். முகப்பில் சேர்த்ததற்கு அந்த ஆபத்து இல்லை.

கொழுந்துக்கூடை:

ஹட்டன் அண்ணா, ஓடுகிறது! அம்மா நேற்று மூன்று நிறுவையும் பதிந்தார். எழுத்துச் சின்னதாக இருக்கிறது என்று திட்டும் வாங்கினேன்.

ஊவாமழை சொன்னபடி காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கும் மடுவத்துக்கும் போய் எண்ணினேன். பார்த்தது நாற்பத்தொரு பேர். ஐபோன் ஒன்றுகூட இல்லை. அன்ட்ரொய்ட் முப்பது, அதில் ஐந்து 7க்கும் கீழே. மீதிப் பதினொரு பேரிடம் பட்டன் போன். இதை நான் யோசிக்கவே இல்லை. ஐபோனா அன்ட்ரொய்டா என்று இரவெல்லாம் மண்டையை உடைத்தேன், கால்வாசிப் பேருக்கு இரண்டுமே இல்லை. அவர்களின் கணக்கை வீட்டுப் பிள்ளைகள் தங்கள் போனில் பதியலாம் என்று, ஒரே செயலியில் பல பேரைச் சேர்க்கும் வசதியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகக் குறைந்தது அன்ட்ரொய்ட் 6 என்று வைத்துவிட்டேன்.

இப்போது புதுத் தலைவலி. 25 டொலர் கட்டித் தனிநபர் கணக்குத் திறந்தேன். பொதுவில் விடுவதற்கு முன்னால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டுமாம். உண்மையா?

ஹட்டன்_கடைசிபஸ்:

உண்மைதான். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு எல்லாவற்றுக்கும் அந்த விதி. முதலில் 20 பேர் கேட்டார்கள், 2024 டிசம்பரில் 12 ஆக்கினார்கள். நடுவில் ஆள் விலகி எண்ணிக்கை குறைந்தால் சிக்கல், அதனால் இரண்டு மூன்று பேரைக் கூடுதலாகச் சேருங்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) பன்னிரண்டு பேர் கிடைக்காமலா போவார்கள்?

கொழுந்துக்கூடை:

ஆள் இருக்கிறது அண்ணா, ஜிமெயில்தான் இல்லை. போன் வாங்கிய கடையில் யாரோ திறந்து கொடுத்த கணக்கு, கடவுச்சொல் யாருக்கும் ஞாபகம் இல்லை. வீடு வீடாகப் போய்ப் புதிதாகத் திறந்து கொடுக்கிறேன். இதுவரை எட்டு.

ஊவாமழை:

சோதிக்கிறவர் தோட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. என்னையும் சேருங்கள். ஒன்பது.

நீலக்கோடு:

பத்து. கொட்லின் செயலியாக இருந்தாலும் பரவாயில்லை.

ஹட்டன்_கடைசிபஸ்:

நானும் வீட்டுக்காரியும். பன்னிரண்டு. கூடுதலுக்கு இன்னும் யாராவது?

பழைய_நோக்கியா:

சேரலாம் என்றால் என் கையில் இருப்பது ஐபோன். மகளின் போனில் போடுகிறேன், இணைப்பை அனுப்புங்கள் தங்கச்சி.