சபெராவி: ஒரே திராட்சையில் இனிப்பும் இனிப்பில்லாததும் எப்படி?

கேள்வி:
ஜார்ஜியாவின் முகுசானி, கின்ட்ஸ்மராவுலி இரண்டு சிவப்பு வைன்களும் சபெராவி திராட்சையில் செய்வதுதான். முன்னதில் துளி இனிப்பில்லை, பின்னது தித்திக்கிறது. சர்க்கரை கலக்கிறார்களா? இன்னொன்று: மண்ணில் புதைக்கும் க்வெவ்ரித் தாழியில் சிவப்பு வைனையும் ஆறு மாதம் தோலோடு வைப்பார்களா? நிறம் இறங்க அத்தனை நாள் வேண்டுமா?

பதில் 1:
சர்க்கரை கலப்பதில்லை. நொதிப்பதைப் பாதியில் நிறுத்துகிறார்கள். சாற்றில் லிட்டருக்கு 225 கிராம் சர்க்கரை இருக்கிறது என்று வையுங்கள். ஏறக்குறைய 17 கிராம் நொதித்தால் 1% ஆல்கஹால். முழுக்க நொதித்தால் 13% தாண்டும். அது முகுசானி வழி, பிறகு ஓக் பீப்பாயில் முதிரும். 40 கிராம் மிச்சம் இருக்கும்போதே தொட்டியை 0 டிகிரிப் பக்கம் குளிரவைத்தால் ஈஸ்ட் அடங்கிவிடும், ஆல்கஹால் 11% அருகே நிற்கும். அது கின்ட்ஸ்மராவுலி. குளிர் மட்டும் போதாது. ஈஸ்ட் சாகவில்லை, உறங்குகிறது. நுண்வடிகட்டியில் அதை அகற்றாமல் அடைத்தால் புட்டிக்குள் மறுபடி நொதித்து நுரைக்கும், தக்கையே தெறிக்கலாம்.

பதில் 2:
நிறத்துக்காக அத்தனை நாள் ஊறவைக்க வேண்டாம். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளைப் பிதுக்கினால் வெளிறிய சாறுதான் வரும். சபெராவிக்குச் சதையே சிவப்பு. பெயரின் பொருளும் சாயம் என்பதுதான். தோலோடு வைப்பது துவர்ப்புக்கும் மணத்துக்கும். ஆறு மாதக் கணக்கு பெரும்பாலும் வெள்ளைத் திராட்சையில் செய்யும் அம்பர் வைனுக்கு. சபெராவியை நொதித்து முடிந்ததும், இரண்டு மூன்று வாரத்தில், தோலிலிருந்து பிரித்துவிடுவதே நல்லது. இயல்பிலேயே புளிப்பு மிகுந்த ரகம். பழுக்காத காம்பும் கொட்டையும் அதிக நாள் ஊறினால் நாக்கு இழுத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
நன்றி. க்வெவ்ரியில் காடி நாற்றம் வருவது எதனால்?

பதில் 2:
இரண்டு கட்டத்தில் வரும். முதலாவது, நொதிக்கும்போது மேலே மிதக்கும் தோல் அடை காய்வது. அங்கேதான் காடி பாக்டீரியா குடியேறும். நாளுக்கு நாலு முறையாவது, இரவிலும் ஒரு தடவை, அடையை உள்ளே அமுக்க வேண்டும். தாழியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், பொங்கி வழியும். சூடு 32 டிகிரி தாண்டினால் ஈஸ்ட் தளரும், சர்க்கரை மிஞ்சும், அது பாக்டீரியாவுக்குத் தீனி. நம் முதுமக்கள் தாழி போலவே க்வெவ்ரியைக் கழுத்துவரை மண்ணில் புதைப்பது இதற்கும்தான்: சுற்றியுள்ள மண் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, தோல் பிரித்த பின் காலியிடம் விடுவது. அப்போது விளிம்புவரை நிரப்பி, கல்மூடி வைத்து, ஈரக் களிமண்ணால் பூச வேண்டும். அளவு இறங்கினால் அதே வைனால் நிரப்புங்கள்.

பதில் 3:
வைன் கெடாமல் காக்கப் போடும் சல்பைட்டை அவசரப்பட்டுப் போடாதீர்கள். கடும்புளிப்பான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறி முடியட்டும். முன்னாலேயே போட்டால் அந்த மாற்றம் தடைபட்டு, பிறகு புட்டியில் தொடங்கலாம். முடிந்ததும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் 10 லிட்டருக்கு 1 கிராம். அதில் ஏறத்தாழ 57% கந்தக டைஆக்சைடு, அதாவது லிட்டருக்கு 57 மில்லிகிராம்.

தாழியின் உட்புறத் தேன்மெழுகுப் பூச்சையும் பாருங்கள். அது மண்ணின் நுண்துளைகளை அடைக்கத்தான். மெழுகு போன இடத்தில் பழைய வைன் ஊறி நிற்கும். எத்தனை முறை கழுவினாலும் அடுத்த ஆண்டு வைனில் அந்த வாடை ஏறும்.