ஆலயக் கூரைக்குப் பணம் திரட்டுவது: குடும்பத்துக்கு இவ்வளவு என்று விதிக்கலாமா?

பாறசாலை சபைச் செயலாளர்:
பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே, கேரளப் பக்கத்தில் தமிழ் ஆராதனை நடக்கும் ஒரு சிறிய கிறிஸ்தவச் சபையில் செயலாளராக ஊழியம் செய்கிறேன். எங்கள் ஓட்டுக்கூரையைத் தாங்கும் அயனிமரக் கழுக்கோல்களில் (சாய்வுச் சட்டங்களில்) பாதியைக் கரையான் தின்றுவிட்டது. போன மாதம் ஆசாரி ஏணியில் ஏறி விரலால் அழுத்திப் பார்த்தபோது மரம் புட்டுப்போல உதிர்ந்து கீழே விழுந்தது. கூரையை முழுவதும் மாற்ற 18 லட்சம் ரூபாய் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

சபையில் 140 குடும்பங்கள் இருப்பதால், குடும்பத்துக்கு 13,000 ரூபாய் என்று விதித்துவிட்டால் கணக்கு முடிந்தது என்பது கமிட்டியில் பலருடைய கருத்து. ஆனால் எங்களில் பாதிப் பேர் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். அண்டி ஆபீசில் (முந்திரித் தொழிற்சாலையில்) கூலிக்குப் போகும் பெண்களும் பலர் உண்டு. அவர்களிடம் அந்தத் தொகையைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. வாலிபர்களோ 200 ரூபாய்க்குச் சீட்டு விற்று, குலுக்கலில் ஒரு ஸ்கூட்டர் கொடுக்கலாம் என்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மார்த்தாண்டம், முன்னாள் பொருளாளர்:
தலைவரியாக விதிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நான் பொருளாளராக இருந்த சபையில் அப்படித்தான் விதித்தோம். ஆறு மாதம் கழித்து, பாக்கி வைத்திருந்தவர்களின் பெயர்களை ஆராதனை முடிவில் வாசித்தோம். அந்தப் பட்டியலை வாசித்தவன் நான். தனியாக வாழ்ந்த ஒரு அம்மச்சி அன்றைக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனவர், பிறகு எத்தனை முறை வீட்டுக்குப் போய் அழைத்தும் ஆலயத்துக்கு வரவில்லை. கட்டடம் நன்றாகவே முடிந்தது, ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றும் என் மனதை அறுக்கிறது.

அதற்குப் பதிலாக, ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்ற தொகையைத் தானே எழுதி, உறையில் போட்டுக் கொடுக்கும்படி பொருத்தனை அட்டை கொடுங்கள். அந்தத் தொகை போதகரும் பொருளாளரும் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது. வசூலிக்கும் காலத்தையும் பார்க்க வேண்டும். இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழையில்) பல தோட்டங்களில் வெட்டு நின்றுபோகும், மாசியில் இலை உதிர்ந்து பால் குறையும். கார்த்திகை முதல் தை வரை கையில் கொஞ்சம் காசு புரளும். தவணைகளை அந்த மாதங்களில் வைத்தால், கொடுக்கிறவர் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டிய நிலை வராது.

நாகர்கோவில் கணக்காளர்:
குலுக்கல் வேண்டாம். கேரளத்தில் அரசு லாட்டரி 1967 முதல் இருக்கிறது என்பதற்காகச் சபையும் நடத்தலாம் என்று பொருளில்லை. பணம் வாங்கிச் சீட்டு கொடுத்துப் பரிசு குலுக்குவது தனியாருக்குக் குற்றமாகும். களியக்காவிளைப் பக்கத்து உறவினர்களிடம் விற்றால் சிக்கல் இன்னும் கூடும், ஏனென்றால் தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்கே தடை இருக்கிறது.

வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாக இருந்து, தங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட ஒருவர் அனுப்பினால் நிலைமை வேறு. அதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு தேவை. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். உள்ளூர் ஆலயத்துக்குக் கொடுப்பதற்குப் பொதுவாக நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி) கிடையாது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரி:
பிடியரிசியை மறந்துவிடாதீர்கள், அண்ணா. உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பது ஏழை வீட்டுக்கும் முடிந்த காரியம். மிசோரத்துப் பெண்கள் 1910இல் இப்படித் தொடங்கியதைக் கொண்டே அங்குள்ள சபை இன்றுவரை பெரும் ஊழியங்களைத் தாங்குகிறது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் கூரைக்கென்று ஒதுக்குங்கள். எங்கள் சபையில் போன ஆண்டு ஒரு பாட்டி முற்றத்தில் விளைந்த ஒரு சக்கையை (பலாப்பழத்தை) கொண்டுவந்து வைத்தார். ஏலத்தில் எடுத்தவர் அதைத் திரும்பவும் காணிக்கையாக வைக்க, அது நான்கு முறை ஏலம் போனது. பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு "மூன்றுதர"த்துக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய தொகை கொடுத்த எவரையும்விட அன்று அவர்தான் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்.

மார்த்தாண்டம், முன்னாள் பொருளாளர்:
ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். வேதாகமத்தில் வரும் யோவாஸ் ராஜாவின் காலத்தில் ஆலயத்துக்கென்று பணம் வந்தும் பழுதுகள் பார்க்கப்படாமலே கிடந்தன. மூடியில் துவாரமிட்ட பெட்டி வைத்து, இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, வேலையை விசாரிப்பவர்கள் கையில் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. ஆகவே கூரைக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, வரவுசெலவை மாதந்தோறும் வாசலில் ஒட்டுங்கள்.

பாறசாலை சபைச் செயலாளர்:
எல்லாருக்கும் நன்றி. தலைவரியும் குலுக்கலும் வேண்டாம் என்று வரும் ஞாயிறு கமிட்டியில் சொல்லப்போகிறேன். ஆசாரி கழற்றிய கழுக்கோல் துண்டு ஒன்று என் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. அதை ஆலய வாசலில் மதிப்பீட்டுத் தாளோடு சேர்த்து வைத்துவிட்டு, பிறகு அட்டைகளைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.